ஊற்றிய கையும் சொன்ன வாயும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும் காட்டுப்பாக்கத்து மாதா கோயிலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டால், வேம்புலியம்மாள் எதையோ கேட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

"சாமி, தபசு காலத்துல கறி துன்னக்கூடாது, கருவாடு துன்னலாம்ன்றீங்க. ஏன், கருவாட்டுக்கு உசுரு இல்லியா?"

ஞானாதிக்கம் சாமியாருக்குத் தொந்தி குலுங்கியது. பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, வெறும் வயிற்றோடு பூசை வைத்து, இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காத மனிதர். இருந்தும் வேம்புலி வாயைத் திறந்தால் அவருக்குப் பசி மறந்துவிடும்.

"கருவாட்டுக்கு இருந்த உசுரு கடல்லயே போயிடுச்சு. நீ சாப்புடு," என்றார். "ஆனா ரெண்டு துண்டோட நிறுத்திக்க. நாலு துண்டு வெச்சா அதுக்குப் பேரு தபசு இல்ல, விருந்து."

ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் அன்னம்மாள் ஒருத்திதான். அவள் பீடத்துக்கு முன்னால் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே திரும்பவும் பெருக்கிக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது என்றால் சும்மா எரியவில்லை. சூளை வாய் மாதிரி எரிந்தது.

ஏன் எரியாது? அன்னம்மாள் என்ன நேற்றைக்கு வேதத்துக்கு வந்தவளா? தாத்தன் காலத்துக்கு முன்னாலிருந்து வேதக்காரக் குடும்பம். அப்பன் மதலைமுத்து இந்தக் கோயிலுக்கு உபதேசியாராக இருந்தவர். சாமியார் வராத ஞாயிறுகளில் அவர்தான் செபம் சொல்லுவார். சிறு வயதில் ஒரு நாள், "மூணு ஆளு எப்டி நைனா ஒரே சாமி?" என்று அவள் கேட்டதற்கு, அவர் காதைத் திருகின திருகில் கம்மல் ஓட்டை புண்ணாகிப்போனது. "வேதக்காரப் பொண்ணு கேக்கக்கூடாது, ஒப்பிக்கணும்," என்றார். அன்றைக்கு மூடின வாய். அதே கேள்வியை வேம்புலி சாமியாரிடம் கேட்டாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? "நல்லாக் கேட்டே போ! எனக்கே முழுசா விளங்காத சமாச்சாரம்," என்று சொல்லி, அவளுக்கு ஒரு மாதா படத்தை எடுத்துக் கொடுத்தார். இவளுக்குக் கிடைத்தது திருகல், அவளுக்குக் கிடைத்தது படம். இது எந்த ஊர் நியாயம்?

அதிலும் அந்த வேம்புலியை வேதத்துக்குக் கூட்டிவந்ததே அன்னம்மாள்தான். அதுதான் தாங்க முடியாத சங்கதி.

இரண்டு குடும்பமும் ஏரிக்கரையை ஒட்டின செங்கல் சூளையில் பக்கத்துப் பக்கத்துக் களத்தில் கல் அறுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்புகிறது, எவ்வளவு கல் போட்டாலும் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிறது என்று மேஸ்திரி துலுக்கானம் விடியலிலிருந்தே எல்லோரையும் விரட்டுவான். கல் அறுப்பது தனி ஆள் வேலை இல்லை. அன்னம்மாளின் புருஷன் சவரியப்பன் ஏரி மண்ணில் தண்ணீர் விட்டு, முழங்கால் வரைக்கும் இறங்கி மிதித்து, பதம் வந்ததும் உருண்டையாகத் தூக்கி அச்சுக்குள் அடிப்பான். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை அமுக்கி, மிஞ்சினதை வழித்து, மணல் தூவின தரையில் அச்சைக் கவிழ்த்துத் தூக்குவாள். அவன் போட, இவள் அமுக்க, ஒரு கல். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. வீட்டிலும் அப்படியே ஆகிப்போனது. இவள் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அவன் முடிச்சுப் போடுவான்; அவன் கூரையில் ஓலையை வைத்தால் இவள் கட்டுவாள். "புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஒரே ஆளு," என்று களத்தில் கேலி செய்வார்கள்.

ஒரே ஒரு குறை. பல வருஷமாக அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பரங்கிமலை மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்து, ஒரு வழியாகப் போன ஐப்பசி அடைமழையில் ஒரு பெண் பிறந்தது. பிறந்தது என்று சொல்வதற்குள்ளேயே போகப் பார்த்தது. உதடு நீலம் பூத்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. மருத்துவச்சி குப்பம்மா உதட்டைப் பிதுக்கினாள். பூந்தமல்லி ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். சாமியாரை அழைத்துவர வழியில்லை. சாகக்கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது உபதேசியார் மகளுக்குத் தெரியாதா? ஆனால் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. சவரியப்பனுக்கோ அழுகையில் நாக்கு புரளவில்லை. செபமும் அவனுக்குப் பாதிதான் வரும்.

"நீ ஊத்துய்யா, நான் சொல்றேன்," என்றாள்.

அவன் செம்பைச் சாய்த்தான். இவள் படுத்தபடியே சொன்னாள்: "ஆரோக்கியம், பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." கல் அறுக்கிற மாதிரியேதான் அதையும் செய்தார்கள்.

பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் மழை விட்டு வந்த சாமியார், ஞானஸ்நானம் ஆயிற்றா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆயிற்று என்றார்கள். அப்புறம் என்ன! கறுப்பு உடுப்பைத் தொடாமல் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டார். காகிதப் பூவில் கிரீடம் செய்து பிள்ளை தலையில் வைத்து, துக்க மணிக்குப் பதிலாகத் திருநாள் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளுக்குச் சுவருக்கு வெளியே, கள்ளி வேலி ஓரம்தான் இடம். அதுகள் மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. வேதனையும் இல்லாமல், சர்வேசுரன் முகத்தையும் பார்க்காமல் வேறொரு இடத்தில் இருக்கும் என்று அன்னம்மாள் சிறு வயதிலிருந்து ஒப்பித்திருக்கிறாள்.

துக்கம் கேட்க வேம்புலி கேழ்வரகுக் கூழைச் சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வயிற்றிலும் அப்போது ஒன்று தங்கியிருந்தது.

"இன்னாக்கா, புள்ள போனதுக்குப் பண்டிக மணி அடிக்கிறாங்க?"

அன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என் புள்ள சாவலடி. மோட்சத்துல றெக்க வெச்ச சம்மனசா கீது. மாதா மடியில குந்திக்கினு கீது."

"அவ்ளோ நிச்சயமா சொல்றியே!"

"நிச்சயந்தான். தண்ணி ஊத்தியாச்சு இல்ல?"

வேம்புலி கூழ்ச் சட்டியை இறக்கி வைத்தாள். திருவள்ளூர்ப் பக்கம் தன் ஊரில் வாந்திபேதிக்கு இரண்டு பிள்ளைகளை வாரிக் கொடுத்துவிட்டு, அங்கே இருக்கப் பிடிக்காமல் புருஷன் நாகப்பனோடு சூளைக்கு வந்தவள் அவள். "எங்க சாமிங்கள நான் கொற சொல்லலக்கா," என்றாள் கடைசியில். "ஆனா என் புள்ளைங்க எங்க போச்சுங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. உங்க சாமி எடம் சொல்லுதே."

அடுத்த ஞாயிறே கோயிலுக்கு வந்துவிட்டாள். சாமியார் அன்னம்மாளைக் கூப்பிட்டு, "உபதேசியார் மகள் நீதான் இவளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கணும்," என்றார். அன்னம்மாளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்தவள் பரமண்டல மந்திரத்தை மூன்று நாளில் பிடித்துக்கொண்டு, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, சாமியாரின் செல்லமாகவும் ஆனபோது அந்தப் பெருமை புளிக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் இந்தக் கருவாட்டு ஞாயிறு வந்தது.

சிரிப்பு அடங்கினதும் சாமியார் பாடத்துக்கு வந்தார்.

"அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஆம்பளை, பொம்பளை, யார் வேணா கொடுக்கலாம். நல்ல தண்ணியா இருக்கணும். தலையில ஓடணும். ஊத்தும்போதே வார்த்தையைச் சொல்லணும். இதுல ஒண்ணு முக்கியம், கவனமாக் கேளுங்க. ஊத்துற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும். ஒருத்தர் ஊத்த இன்னொருத்தர் சொன்னா அது செல்லாது."

அன்னம்மாள் கையிலிருந்து துடைப்பம் நழுவி விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது ஏன் சாமி?" வேறு யார், வேம்புலிதான். "ரெண்டு பேர் சேந்து செஞ்சா இன்னா தப்பு? நாங்க கல்லு அறுக்கறதே அப்டித்தானே? அவரு மண்ணு போட்றாரு, நான் அமுக்கறேன். அதனால அது கல்லு இல்லன்னு ஆயிடுதா?"

சாமியார் மறுபடியும் சிரித்தார். "கல்லுக்குச் சட்டம் உங்க மேஸ்திரி வெச்சது. இதுக்குச் சட்டம் சேசுநாதர் வெச்சது. நல்ல கேள்வி, இன்னொரு நாள் விவரமாச் சொல்றேன்," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்னம்மாள் அன்றைக்கு வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பன் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையா, சொல்லிக் கொடுத்தும் அவள்தான் மறந்தாளா? அப்படியானால் பிள்ளை மாதா மடியில் இல்லையா? வெள்ளை உடுப்பு, கிரீடம், மணி எல்லாம் சும்மாவா? சாமியாரிடமே கேட்டுவிடலாம்தான். கேட்டால், சுவருக்கு உள்ளே இருக்கிற பிள்ளையைத் தோண்டி எடுத்துக் கள்ளி ஓரம் வை என்று சொல்லிவிட்டால்? புருஷனிடமும் சொல்லவில்லை. ஊற்றினவன் அவன் அல்லவா, தெரிந்தால் செத்தே போவான்.

அதற்கு அப்புறம் அவள் சற்பிரசாதம் வாங்கப் போவதில்லை. சர்வேசுரன் மேலேயே கோபம் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு நாக்கை நீட்டுவது? சற்பிரசாதத்துக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது சட்டம். யாராவது கேட்டால், "காலைல மறந்தாப்ல தண்ணி குட்ச்சிட்டேன்," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். ஞாயிறுதோறும் ஒருத்திக்கு மறதி வருமா என்று யாரும் யோசிக்கவில்லை. உபதேசியார் மகளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

வேம்புலியோ களத்தில் அச்சைக் கவிழ்த்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "யக்கா, சாமியார கேட்டுட்டேன். என் புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்தலியே, அதுங்க எங்கன்னு. மோட்சம்னு என்னால சொல்ல முடியாதும்மான்னாரு. ஆனா வேதனை இல்லாத எடமாம்."

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"வேதனை இல்லன்னா போதும் சாமின்னேன். வாந்திபேதில அதுங்க பட்ட பாட்ட கண்ணால பாத்தவ நானு."

இதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பாவி, இவளுக்கு எல்லாமே எப்படி இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்றுதான் அன்னம்மாளுக்குத் தோன்றியது. கேள்வி கேட்கவும் இவளுக்கு உரிமை, பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளவும் இவளுக்கு மனசு. போதாததற்கு வயிறு வேறு நாளுக்கு நாள் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. தன் பிள்ளைக்கு இல்லாமல் போன இடத்தில் இவள் பிள்ளை ஜம்மென்று போய் உட்காரும். அந்த வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அன்னம்மாளுக்கு வாய் கசந்தது.

பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாள் வேம்புலிக்கும் நாகப்பனுக்கும் ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாகப்பனுக்கு அம்மை போட்டது. வேம்புலி வாசலில் வேப்பிலை கட்டி, அவனையும் வேப்பிலையிலேயே கிடத்தினாள். அந்த ஞாயிறு சாமியார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அன்னம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி, நான் சொன்னேன்னு இருக்க வேணாம். வேம்புலி இன்னும் அம்மன உடல. வாசல்ல வேப்பில கட்டிக்கினு கீறா."

சாமியார் முகம் சுருங்கியது. "அப்படியா? அவசரப்பட்டுட்டேனோ? சரி, பாஸ்கு வேண்டாம். பெந்தகோஸ்து வரைக்கும் இன்னும் ஏழு வாரம் பொறுக்கட்டும்."

ஞானஸ்நானம் தள்ளிப்போன விஷயம் சவரியப்பனுக்கு எட்டியபோது அவன் பொரிந்து தள்ளினான். "இன்னாம்மே இது அநியாயம்! எனக்கு அம்ம போட்டப்போ நம்ம ஊட்லயுந்தான் வேப்பில கட்டுன. நீதான ஏரிக்கர மரத்துல ஒடச்சிக்கினு வந்த?"

"அது வேற."

"இன்னா வேற? ஒரே மரந்தான?"

அவள் அச்சை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள். வேம்புலி அழுதுகொண்டே வந்து, "யாரோ சாமியார்ட்ட சொல்லிட்டாங்கக்கா," என்று தோளில் சாய்ந்தபோது, அன்னம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "உடு, சர்வேசுரன் சித்தம்," என்றாள். அப்படியும் ஒரு வாய்!

வைகாசி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், திடீரென்று குமணன்சாவடிப் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களம் முழுக்கப் பச்சைக் கல். மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து சேறாகிவிடும். துலுக்கானம் தொண்டை கிழியக் கத்தினான். ஆணும் பெண்ணும் ஓலைத் தட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அதே நேரத்தில்தான் வேம்புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்னம்மாள் அவளைத் தாங்கிப் பிடித்துக் குடிசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நல்ல வேளை, குப்பம்மா வீட்டில் இருந்தாள்.

மழை கூரையை அறைந்துகொண்டிருக்கும்போது பிள்ளை பிறந்தது. ஆண். அழவில்லை. குப்பம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள், வாயில் விரல் விட்டு வழித்தாள், முகத்தில் ஊதினாள். உதட்டில் அதே நீலம். அன்னம்மாளுக்குத் தெரிந்த நீலம்.

"தேறாதும்மா," என்றாள் குப்பம்மா.

வேம்புலி தலையைத் தூக்கினாள். "யக்கா, தண்ணி! நீ ஊத்துக்கா! உனக்குத்தான் வார்த்த தெரியும்."

மூலையில் செம்பு இருந்தது. அன்னம்மாள் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. ஊற்றாதே என்று உள்ளே ஒன்று சொன்னது. உன் பிள்ளை வெளியே நிற்கும்போது இவள் பிள்ளையை நீயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவாயா? கொஞ்சம் தாமதித்தால் போதும். மழையில் கை நடுங்கிற்று, வார்த்தை மறந்துவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இதெல்லாம் ஓர் இமைப்பொழுதுதான். ஆனால் அந்த இமைப்பொழுதில் அவள் தன்னை முழுசாகப் பார்த்துவிட்டாள். பார்த்து அருவருத்துப்போனாள்.

சேறும் தண்ணீருமாகச் சவரியப்பன் உள்ளே ஓடி வந்தான். பிள்ளையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பழகின கை, செம்பைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லும்மே, நான் ஊத்தறேன்," என்றான்.

"உடுய்யா!" செம்பை வெடுக்கென்று பிடுங்கினாள். "நானே ஊத்தணும். நானே சொல்லணும். ரெண்டு பேர் செஞ்சா செல்லாது!"

பிள்ளையின் தலையில் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே சொன்னாள்: "சூசை, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

தண்ணீர் பட்டதும் பிள்ளை ஒரு தரம் விலுக்கென்று உதறியது. மூக்கிலிருந்து சளி தெறித்தது. அப்புறம் அழுதது பாருங்கள், மழைச் சத்தத்தையும் மீறிக் களம் வரைக்கும் கேட்டது. குப்பம்மா தன் அம்மனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக் கும்பிட்டாள்.

அன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். சவரியப்பன் வாசற்படியில் மழையில் நனைந்துகொண்டு நின்றான். அவன் கை இன்னும் செம்பைப் பிடித்த மாதிரியே அந்தரத்தில் இருந்தது.

"செல்லாதா?" என்றான். "அப்போ நம்ம ஆரோக்கியம்?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். அவன் நடந்து போய், மழையில் கரைந்துகொண்டிருந்த தங்கள் கற்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். தட்டியை இழுத்து மூட அவனுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். அன்னம்மாள் கடைசி ஆளாகப் போய்த் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டாள். வேப்பிலையைச் சொன்னாள், செம்பைப் பிடித்து நின்றதைச் சொன்னாள்.

"எல்லாம் பொறாமைல செஞ்சேன் சாமி. அவ கேள்வி கேட்டா நீங்க சிரிச்சிக்கினு பதில் சொல்றீங்க. நான் பொறந்ததுலேர்ந்து ஒண்ணுமே கேக்காம ஒப்பிச்சேன். எனக்கு இன்னா கெடச்சுது?"

"இன்னிக்கு நீ கேளு," என்றார் சாமியார்.

"ரெண்டு பேர் சேந்து செஞ்சா இன்னா தப்பு சாமி?"

இதே கேள்விக்கு அன்றைக்குச் சிரித்தவர் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"உன் புள்ளைக்கா?" குரல் இறங்கிப்போயிருந்தது.

"அவரு ஊத்தனாரு. நான் சொன்னேன்."

"ஐயோ அன்னம்மா!" என்றார். "திருச்சபை சொல்றதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. அது செல்லாதுதான். ஆனா அந்தப் புள்ளையை சர்வேசுரன் என்ன செஞ்சார்னு கேட்டா எனக்குத் தெரியாது. சட்டம் நமக்குப் போட்டாரே தவிர, அவர் தன் கையைக் கட்டிப் போட்டுக்கல. அவர் இரக்கத்துல விட்டுடுவோம். இதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்தாலும், உன் அழுகையை நிறுத்த நான் பொய் சொன்னதா ஆயிடும்."

"தோண்டி வெளிய வெச்சிடுவீங்களா?"

"யாரு தோண்டறது? அந்தக் குழியை மந்திரிச்சவன் நான். நான் இருக்கற வரைக்கும் அங்க மண்வெட்டி போகாது."

அப்போதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சாமியார் பொறுத்திருந்தார்.

"சந்தேகம் வந்தது பாவமா சாமி?"

"இல்ல. அதை உள்ளே பூட்டி வெச்சுக்கிட்டு, வாய்விட்டுக் கேட்டவ மேல ஆத்திரத்தைக் காட்டினியே, அது பாவம். என் பங்கும் இருக்கு. உபதேசியார் மகளாச்சே, உனக்கு என்ன கேள்வி இருக்கப் போவுதுன்னு நானும் உன் பக்கம் திரும்பிப் பாக்காம இருந்துட்டேன். வேப்பிலையையும் நேர்ல போய் விசாரிச்சிருக்கணும்." பெருமூச்சு விட்டார். "அபராதம் சொல்றேன் கேளு. வேம்புலிகிட்ட போய் ரெண்டையும் சொல்லு. வேப்பிலை, உன் புள்ளை, ரெண்டும்."

"வேணாம் சாமி! என் புள்ள மோட்சத்துல கீதுன்னு நான் நிச்சயமா சொன்னத நம்பித்தான் அவ வந்தா. இப்ப இல்லன்னா வேதத்தையே உட்டுடுவா."

"தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லு, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. இன்னொருத்தரை வேதத்துக்குக் கூப்புடறவ அதுக்கு மேல ஒண்ணும் செய்ய வேண்டாம். அவ போனா அது என் கவலை."

அன்றைக்குச் சாயந்திரமே அன்னம்மாள் பால்சுறாக் கருவாட்டைக் குழம்பு வைத்து, கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். வேம்புலி குடிசை நிழலில் உட்கார்ந்து சூசைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே களத்தில் நாகப்பனும் சவரியப்பனும் மழையில் கரைந்த மண்ணை மறுபடி கூட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசம் தூக்குதேக்கா! எத்தினி துண்டு?" என்று சிரித்தாள் வேம்புலி. "ரெண்டுக்கு மேல இருந்தா சாமியார்ட்ட சொல்லிடாத."

அது சும்மா சொன்னதுதான். அன்னம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வேப்பில சமாச்சாரம் சாமியார்ட்ட சொன்னது நாந்தாண்டி."

வேம்புலி சிரிப்பு அப்படியே நின்றது. "நீயா?"

"நாந்தான். உன் மேல பொறாம. வயித்தெரிச்சல்."

"உன் தோள்ல சாஞ்சிதானேக்கா அழுதேன்?" வேம்புலி பிள்ளையை மார்போடு இறுக்கினாள். "அன்னிக்கு இது போயிருந்தா? தண்ணி இல்லாம போயிருந்தா இன்னாக்கா பண்ணியிருப்ப?"

"தெரியலடி," என்றாள் அன்னம்மாள். "செம்ப கைல வெச்சிக்கினு ஊத்தாம நின்னேன். அதையும் சொல்லிட்றேன்."

வேம்புலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழம்பை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று அன்னம்மாளுக்கு இருந்தது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி. அதைத் திண்டாடித் திண்டாடிச் சொன்னாள். புருஷன் ஊற்றினது, தான் சொன்னது, துடைப்பம் கையிலிருந்து விழுந்த ஞாயிறு, எல்லாம். "மோட்சத்துல கீதுன்னு உனக்கு நிச்சயமா சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. சாமியாருக்கும் தெரியாதாம். நீ இனிமே கோயிலுக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

வேம்புலி மெள்ளத் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் எதையோ யோசிக்கிற மாதிரி நெற்றி சுருங்கியிருந்தது. கேள்வி கேட்பதற்கு முன்னால் அவள் முகம் எப்போதும் அப்படித்தான் ஆகும்.

"அப்போ ஆரோக்கியம் எங்க?"

"தெரியலன்றேனே."

"என் புள்ளைங்க கீற எடத்துல கீதா?"

அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்தாலும் இருக்கும். தனியா."

"தனியா எப்டிக்கா?" என்றாள் வேம்புலி. "என் பெரியவ அங்க கீறா இல்ல? ஊர்ல கீற கொழந்தைங்க எல்லாத்தையும் இடுப்புல ஏத்திக்கினு திரிவா அவ. எவ்ளோ திட்டினாலும் எறக்க மாட்டா. உன் புள்ளய கீழ உட்ருவாளா?"

அன்னம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஐப்பசியிலிருந்து பக்கத்துக் களத்தில் உட்கார்ந்து கல் அறுத்திருக்கிறாள், செபம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், உள்ளுக்குள்ளே இவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளின் பேர் என்ன என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

"பேரு இன்னாடி?" என்றாள். "உன் பெரியவ பேரு?"

"முத்தம்மா."

"சின்னது?"

"பரந்தாமன்." வேம்புலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி மறு கையால் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவன் கொஞ்சம் முரடுக்கா. ஆனா அக்காக்காரி சொன்னா கேப்பான்."